கணினிக் கணக்கும் ஓர் அமானிதமே!



தவணையிட்ட கடனை எழுதி வைக்கப் பணிக்கும் வசனமே (2:282) திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகும். கணக்கைச் செம்மையாக வைத்திருப்பதன் முக்கியத்துவத்தை இதிலிருந்து அறிகிறோம். அன்று பேரேட்டில் எழுதினோம். இன்று எக்செல் கோப்பில் எழுதுகிறோம். பொறுப்போ ஒன்றுதான்.

கோவை காந்திபுரத்தில் ஜவுளிக்கடை நடத்தும் ஒரு சகோதரரை எண்ணிப் பாருங்கள். சரக்கின் மதிப்பு ஒரு கோப்பில். அதன் கூட்டுத்தொகையை எடுத்து இரண்டரை சதவீதம் ஜகாத் கணக்கிடும் சூத்திரம் மற்றொரு கோப்பில். சென்ற ரமளானில் சரக்கு 20 லட்ச ரூபாய்; ஜகாத் 50,000. இவ்வாண்டு சரக்கு 26 லட்சம். ஆனால் ஜகாத் கோப்போ 50,000 என்றே காட்டுகிறது! உரிய தொகை 65,000 அல்லவா? ஏழைகளின் பங்கு 15,000 ரூபாய் அவரறியாமலே அவரிடம் தங்கிவிடுகிறது.

ஏன் இவ்வாறு நேர்கிறது? வேறொரு கோப்பிலிருந்து எடுத்த எண்ணை எக்செல் தன்னிடம் நகலாகச் சேமித்துக்கொள்ளும். அடுத்த முறை திறக்கும்போது, புதுப்பிக்கலாமா எனக் கேட்கும். நாம் மறுத்துவிட்டாலும், மூலக்கோப்பு பெயர் மாறியோ இடம் மாறியோ இருந்தாலும் பழைய எண்ணே நிற்கும். ‘டேட்டா’ பகுதியில் ‘எடிட் லிங்க்ஸ்’ என்பதை (புதிய பதிப்புகளில் ‘ஒர்க்புக் லிங்க்ஸ்’) திறந்து, மூலக்கோப்பு இருக்குமிடத்தைச் சரியாகக் காட்ட வேண்டும்.

இதனினும் நுட்பமான பிழை ஒன்றுண்டு. ஜகாத் கோப்பு மூடியிருக்கையில் சரக்குக் கோப்பில் புதிய வரிசையைச் செருகினால், கூட்டுத்தொகை ஒரு கட்டம் கீழிறங்கிவிடும். சூத்திரமோ பழைய கட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே இரு கோப்புகளையும் ஒருங்கே திறந்து வைத்து மாற்றம் செய்யுங்கள். கூட்டுத்தொகைக் கட்டத்திற்கு ஒரு பெயரிட்டு, அப்பெயராலேயே இணைப்பது இன்னும் நலம்.

‘சம்இஃப்’, ‘இன்டைரக்ட்’ ஆகிய சூத்திரங்கள், மூலக்கோப்பு மூடியிருந்தால் பிழைக்குறி காட்டக்கூடும். அஞ்ச வேண்டாம்; மூலக்கோப்பைத் திறந்தால் சரியாகிவிடும். பிழைக்குறி தென்பட்டால் நாம் விழித்துக்கொள்வோம். ஓசையின்றி வரும் பிழையே பேரிடர் தரும். 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில், 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காத பழைய எக்செல் கோப்பு வகையைப் பயன்படுத்தியதால், 15,841 கொரோனா நோயாளிகளின் விவரங்கள் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டுப் போயின. அவர்களோடு பழகியோரை எச்சரிப்பதும் தாமதமாயிற்று.

எனவே ஜகாத் வழங்குமுன் இரு கோப்புகளின் எண்களையும் அருகருகே வைத்து, ஒருமுறை கண்ணால் ஒப்பிடுங்கள். பள்ளிவாசல், மத்ரஸா, பைத்துல்மால் கணக்குகளை எழுதுவோரும் இதைப் பேணட்டும். பிறர் உரிமையைக் குறைவின்றி ஒப்படைக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.