வேகம் வேண்டுமா? முதலில் ஆயில் சீல் வாங்குங்கள்!

பழைய யெஸ்டி எஞ்சினைப் பிரித்துக் கட்டும் அன்பர்களுக்குச் சில யோசனைகள்

மைசூர் யாதவகிரியில் 1961-ல் உற்பத்தியைத் தொடங்கியது ஐடியல் ஜாவா தொழிற்சாலை. செக்கோஸ்லோவாக்கியா நாட்டுத் தொழில்நுட்பம். நம் ஊர் உழைப்பு. 1970-களில் ஜாவா என்ற பெயர் யெஸ்டி ஆயிற்று. 1978-ல் ‘ரோடுகிங்’ வந்தது. 1996-ல் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை போய்விட்டாலும் வண்டிகள் போகவில்லை. இன்றும் மைசூர்த் தெருக்களில் இரட்டைச் சைலென்சருடன் அவை ஓடுகின்றன.

2022 முதல் யெஸ்டி என்ற பெயரில் புதிய வண்டிகள் விற்கின்றன. ஆனால் அவை நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. அவற்றின் பாகங்கள் பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உதவா.

ஒர்க்‌ஷாப்பிலும் ஆலையிலும் வேலை செய்யும் நம்மவர் பலருக்கு, பழைய யெஸ்டி ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்துக் கட்டி, கம்பெனி கொடுத்த வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்க ஆசை. ஆசையில் தவறில்லை. சீட்டுப் பணத்தை எந்தப் பாகத்தில் முதலில் போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலோர் பெரிய கார்புரேட்டரும், அதிகச் சத்தம் போடும் சைலென்சரும் வாங்கி ஆரம்பிக்கிறார்கள். இது கடைக்கால் போடாமல் மாடி கட்டுகிற கதை!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

250 யெஸ்டியின் சிலிண்டர் விட்டம் 65 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மில்லிமீட்டர். கொள்ளளவு சுமார் 249 கன சென்டிமீட்டர். ரோடுகிங்கின் சக்தி 16 குதிரைத் திறன்.

சிலிண்டரைக் குடைந்து 66 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்டால் கொள்ளளவு சுமார் 257 ஆகும். கூடியது நூற்றுக்கு மூன்று மட்டுமே. ஆகவே ‘ஓவர் சைஸ்’ பிஸ்டன் என்பது தேய்மானத்துக்கு மருந்தே தவிர, வேகத்துக்கு வழி அல்ல.

எஞ்சினை அதிகச் சுற்றுச் சுற்ற வைப்பது இன்னொரு வழி. நிமிடத்துக்கு 5,000 சுற்றை 6,000 ஆக்கினால் சுற்று ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் கனெக்டிங் ராடும் பேரிங்கும் தாங்க வேண்டிய இழுவிசை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. தேய்ந்த பேரிங் இதைத் தாங்குமா?

முதல் செலவு அடிப்பாகத்துக்கு

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் அறையே காற்றுப் பம்பு. அதைக் காற்றுப் புகாமல் காப்பவை ஆயில் சீல்கள். டைனமோ பக்கத்து சீல் கிழிந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். பெட்ரோல் கலவை நீர்த்து, பிஸ்டன் சூடேறி ஜாம் ஆகும். கிளட்ச் பக்கத்து சீல் கெட்டால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகை கக்கும். இந்த நிலையில் எத்தனை உயர்ந்த கார்புரேட்டர் மாட்டினாலும் ட்யூனிங் நிற்காது.

வேகமாக ஓடும்போது பிஸ்டன் ஜாம் ஆனால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். உடனே கிளட்ச்சைப் பிடிக்காவிட்டால் ஆளைத் தூக்கி எறியும். சீலில் மிச்சம் பிடித்து, உயிரைப் பணயம் வைப்பதா?

இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய காலத்து ரப்பர் சாமான்கள் இதில் ஊறி உப்பும் அல்லது வெடிக்கும். சீல், பெட்ரோல் குழாய், வாஷர் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். எத்தனால் கலந்தால் கலவை சற்று நீர்க்கும். ஆகவே கார்புரேட்டர் ஜெட் அளவையும் சரிபார்க்க வேண்டும்.

பிஸ்டன் முதலில், போரிங் பிறகு

சிலிண்டரை முதலில் குடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடி அலைவது பலரின் வழக்கம். பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகே லேத் பட்டறைக்குப் போங்கள். அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்குத் தகுந்த இடைவெளி விட்டுக் குடைய வேண்டும்.

கடைகளில் பழைய ஸ்டாக், டூப்ளிகேட், வேறு மாடல் எல்லாம் கலந்து கிடைக்கும். உங்கள் பழைய பிஸ்டனைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். உச்சியின் உயரம், பின் துவாரம், பாவாடைப் பகுதியின் நீளம் மூன்றையும் ஒப்பிடுங்கள். இந்த எஞ்சினில் வாயில்களைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டன்தான். நீளம் மாறினால் நேரமும் மாறிவிடும்.

ஹெட், சைலென்சர்

ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது செலவு குறைந்த முறை. இதிலும் அளவு வேண்டும். 8-க்கு 1 என்ற விகிதத்தை 9-க்கு 1 ஆக்க, கணக்குப்படி சுமார் 1.3 மில்லிமீட்டர் சீவினால் போதும். அதற்கு மேல் போனால் எஞ்சின் தட்டும். பிஸ்டனில் ஓட்டை விழும். அழுத்தம் கூடியதும் பாயிண்ட் டைமிங்கைத் திருத்துவதும் அவசியம்.

சைலென்சரின் உள்குழாயைக் கழற்றி எறிந்தால் சத்தம் கூடும், சக்தி கூடாது. புகையோடு வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையைத் திரும்பும் அலையால் உள்ளே தள்ளுவதும் அந்தக் குழாயமைப்பின் வேலை. அதைக் கெடுத்தால் மேட்டில் வண்டி இழுக்காது.

கோவை காட்டிய வழி

கார் பந்தயத்திலும் இதே பாடம்தான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில், கோவைத் தொழிலதிபர் கரிவரதன் 1980-களின் இறுதியில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். அவற்றுக்கு அவர் தேர்ந்தெடுத்தது அயல்நாட்டு எஞ்சின் அல்ல. 796 கன சென்டிமீட்டர் மாருதி எஞ்சின்! உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும். பழுது பார்க்க ஆளும் உண்டு. அந்தக் கார்களில் பழகி வந்த ஓட்டுநர்கள் பலர். 1995-ல் விமான விபத்தில் மறைந்த அவர் பெயரில்தான் கோவை செட்டிப்பாளையத்தில் பந்தயப் பாதை இருக்கிறது. கிடைக்கும் பாகத்தைக் கொண்டு ஒழுங்காகக் கட்டுவதே கெட்டிக்காரத்தனம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டமும் உண்டு

கம்பெனி வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. தெருவில் ஓட்டும் வண்டியைக் கம்பெனி அளவிலேயே கட்டுங்கள். வேகச் சோதனையைப் பந்தயப் பாதையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினைப் பிரிக்கும் முன் ஒரு சீட்டில் வரிசையாக எழுதுங்கள்: சீல், பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன், போரிங், ஹெட், கடைசியில் கார்புரேட்டர். இந்த வரிசைப்படி பணம் சேரச் சேர வாங்குங்கள். கட்டிய பிறகு முதல் 500 கிலோமீட்டர் வரை முழு ஆக்சிலேட்டர் வேண்டாம். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப்பொடி நிறமானால் நலம். வெளுத்திருந்தால் கலவை நீர்த்திருக்கிறது; வண்டியை நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

பழைய எஞ்சினும் பொறுமைசாலிக்குக் கட்டுப்படும். அவசரக்காரனுக்கு மிஞ்சுவது ஜாம் ஆன பிஸ்டனும் லேத் பட்டறை பில்லும்தான்!