ஆஸ்டர் மலர் வளர்ப்பு: விதைச் சோதனையே முதற்படி

ஊராட்சி அலுவலகத்தின் முன்புறத்தை அழகு செய்யவும், சிறு நிலமுடைய உழவர்க்குக் கைமுதல் தரவும் ஒருங்கே உதவும் மலர்களில் ஆஸ்டரும் ஒன்றாகும். சீன நாட்டைத் தாயகமாகக் கொண்ட இச்செடி வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா முதலிய நிறங்களில் பூக்கும். ஒரு பருவம் பூத்து ஓய்ந்துவிடுவதால் ஒவ்வொரு முறையும் விதையிலிருந்தே இதனை வளர்த்தல் வேண்டும். கர்நாடகத்திலும், நம் மாநிலத்தில் ஓசூர் போன்ற மிதமான தட்பவெப்பமுள்ள பகுதிகளிலும் இது வாணிபப் பயிராக விளங்குகிறது. வெயில் மிகுந்த சமவெளிகளில் குளிர்காலத்தில் வளருமாறு விதைப்பது நன்று.

விதையின் வயது

ஆஸ்டர் விதை நெல்லைப் போன்றதன்று. ஓராண்டு கடந்தால் அதன் முளைப்புத் திறன் விரைவாகக் குன்றிவிடும். இதனை அறியாமையால் விளைந்த இழப்பை நாம் நேரில் கண்டுள்ளோம். நமது வட்டாரத்தில் அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த உழவர் ஒருவர், ஆயுத பூசைச் சந்தையை எண்ணிப் பழைய விதையை நாற்றங்காலில் தூவினார். பத்து நாட்களில் மூன்றில் ஒரு பங்கே முளைத்தது. மேலும் சில நாட்கள் காத்திருந்து, பின்னர் புது விதை வாங்கி விதைத்தார். பூசை கழிந்து இரண்டு வாரங்களுக்குப் பின்னரே பூ விரிந்தது. குத்தகைப் பணத்தைச் செலுத்த அவர் கறவை மாட்டை விற்க நேர்ந்தது. விதையைச் சோதிக்கும் முறையை நாம் முன்னரே அவருக்கு எடுத்துரைத்திருக்க வேண்டும். அக்குறை நம்முடையதே.

சோதனை மிக எளிது. நூறு விதைகளை எண்ணி ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, துணி உலராமல் பார்த்துக்கொள்க. பத்தாம் நாள் எண்ணிப் பார்க்கும்போது எழுபதுக்கு மேல் முளைத்திருந்தால் விதை நல்லது. நாற்பதுதான் முளைத்ததெனில் விதையளவை ஏறத்தாழ இரட்டிப்பாக்குக. அதனினும் குறைந்தால் அவ்விதையை ஒதுக்கிவிடுதலே அறிவுடைமை.

நாற்றங்கால்

ஒரு கிராமில் ஏறத்தாழ 400 விதைகள் இருக்கும். ஒரு சென்ட் தோட்டத்திற்கு இரண்டு கிராம் போதும். மூன்று அடி அகலமும் அரை அடி உயரமும் உள்ள மேட்டுப் பாத்தி அமைத்து, மக்கிய தொழு உரத்தை நன்கு கலந்திடுக. இரண்டு அங்குல இடைவெளியில் கோடு கீறி விதையிட்டு, கால் அங்குலத்திற்கு மேற்படாமல் சலித்த எருவால் மூடுக. வைக்கோல் பரப்பிப் பூவாளியால் நீர் தெளிக்கவும். முளை தோன்றியதும் வைக்கோலை அகற்றுதல் வேண்டும். நீர் தேங்கினால் நாற்றழுகல் நோய் தோன்றும்.

நடவும் பராமரிப்பும்

நான்கைந்து இலைகள் விட்ட நாற்றுகளை, ஏறத்தாழ ஒரு மாதத்தில், மாலை வேளையில் பிடுங்கி ஓரடிக்கு ஓரடி இடைவெளியில் நடுக. நிலம் வடிகால் வசதியுடையதாகவும் நல்ல வெயில் படுவதாகவும் இருத்தல் வேண்டும். இதன் வேர் ஆழமாகச் செல்லாது. ஆதலால் மண் காயாமல் அளவாகவும் அடிக்கடியும் நீர் பாய்ச்சுதல் அவசியம். களைகளையும் ஆழமாகக் கொத்தலாகாது. நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகும்.

விதைத்த மூன்றரை முதல் நான்கு மாதங்களில் பூக்கும். ஆகவே, திருவிழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணியே விதைப்பு நாளைக் குறிக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் 15 நாட்களுக்கொரு முறை சிறிது சிறிதாக விதைத்தால் பூ தொடர்ந்து கிடைக்கும்.

வாடல் நோய்

இப்பயிரின் பெரும் பகை மண்ணில் வாழும் பூஞ்சையால் வரும் வாடல் நோயாகும். இலைகள் மஞ்சளித்து, பெரும்பாலும் செடியின் ஒரு புறம் முதலில் வாடி, தண்டின் அடி கருகும். அப்பூஞ்சை பல்லாண்டுகள் மண்ணில் தங்கும். நோயுற்ற செடியை வேரோடு பிடுங்கி எரித்திடுக. பொது வாய்க்காலிலோ எருக்குழியிலோ எறியலாகாது. ஒருவர் எறிந்த செடி அண்டை வயலையும் கெடுக்கும் என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் எடுத்துரைத்தல் வேண்டும். ஒரே நிலத்தில் தொடர்ந்து ஆஸ்டர் நடாமல் கேழ்வரகு, பயறு முதலியவற்றை மாற்றிப் பயிரிடுவது பாதுகாப்பானது.

அறுவடையும் விதைச் சேமிப்பும்

மாலைக்கும் சரத்திற்கும் முழுதும் விரிந்த பூவைக் காலையில் பறிக்கலாம். பூச்சாடிக்கு அனுப்புவதாயின், வெளி இதழ்கள் விரிந்ததும் நீண்ட தண்டோடு வெட்டி, கீழிலைகளை நீக்கி, உடனே தண்ணீரில் நிறுத்துக.

பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட காமினி, பூர்ணிமா, சசாங்க், வயலட் குஷன் ஆகியவை நல்ல இரகங்கள். இத்தகைய இரகங்களில் விதையை உழவரே சேமிக்கலாம். நோயற்ற சிறந்த செடிகளை அடையாளமிட்டு, பூத்தலை முதிர்ந்து காயும் வரை விட்டு, நிழலில் உலர்த்திக் காற்றுப்புகாத புட்டியில் அடைத்திடுக. சேமித்த மாதத்தையும் ஆண்டையும் புட்டியின் மேல் எழுதி ஒட்ட மறவாதீர்கள். அச்சிறு சீட்டு ஒரு குடும்பத்தின் பருவ வருவாயைக் காக்கும்.