கொசு நோயோடு பிறப்பதில்லை

மலேரியா கொசுவால் பரவும் தொற்றுநோய் என்று உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் கொசுவுக்குக் கிருமி எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டா? முட்டையிலிருந்து பிறந்து வரும் கொசுவிடம் மலேரியாக் கிருமி கிடையாது. மனிதரைக் கடித்துத்தான் அதைப் பெற்றுக்கொள்கிறது!

கிருமியின் பெயர் பிளாஸ்மோடியம். ஒரே செல்லால் ஆன ஒட்டுண்ணி. முட்டை வளர ரத்தம் தேடும் பெண் அனாபிலஸ் கொசு, நோயாளியைக் கடிக்கும்போது ரத்தத்தோடு கிருமியையும் உறிஞ்சிக்கொள்கிறது. கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமி வளர்வதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் 1897 ஆகஸ்ட் 20 அன்று நுண்ணோக்கியில் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வயிற்றில் பெருகிய கிருமி, சுமார் இரண்டு வாரத்தில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துவிடும். பிறகு அந்தக் கொசு கடித்தால் கிருமி நம் உடலில் இறங்கும். முதலில் கல்லீரலில் பெருகும்; அடுத்து ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகும். சிவப்பணுக்கள் கூட்டமாக வெடிக்கும்போதுதான் குளிர் நடுக்கமும் கடும் காய்ச்சலும் வருகின்றன. வைவாக்ஸ் என்ற கிருமி வகையில் இது பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கும். ஃபால்சிபாரம் வகை மூளையையும் தாக்கும். சிகிச்சை தாமதமானால் உயிருக்கே ஆபத்து.

மனிதர், கொசு, மறுபடி மனிதர் என்று செல்லும் இந்தச் சுற்றை எங்கே அறுக்கலாம்? இலங்கையைப் பாருங்கள். 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா. இனிக் கவலையில்லை என்று தடுப்பு வேலைகள் தளர்ந்தன. சில ஆண்டுகளிலேயே லட்சக்கணக்கானோர் காய்ச்சலில் விழுந்தார்கள். பிறகு விடாமல் போராடினார்கள். கொசுவைக் கட்டுப்படுத்தியதோடு நிற்காமல், நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் ரத்தப் பரிசோதனை செய்தன. காய்ச்சல் இல்லாமலே கிருமியைச் சுமந்தவர்களையும் கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. கொசு அங்கே இன்றும் உண்டு; அது உறிஞ்சிச் செல்லக் கிருமிதான் மனிதர் ரத்தத்தில் அநேகமாக இல்லை.

நம் வீட்டிலும் இந்தச் சுற்றை அறுக்கலாம். அனாபிலஸ் ஸ்டெபென்சி என்ற நகரத்துக் கொசு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும். ஆகவே தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து மீண்டும் கிளம்பும். நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடிக்க முடியாத கொசுவால் பக்கத்து வீட்டுக்குக் கிருமியைக் கொண்டுபோக முடியாது.