மின்கம்பிக்குக் கீழே டீசல் வண்டி

இத்தோயிகாவா ரயில் நிலையம் ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில், மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், ஜப்பான் கடலை ஒட்டி இருக்கிறது. 1912-இல் திறக்கப்பட்டது. ஊரின் மக்கள்தொகை சுமார் 40,000. அந்த அளவுள்ள ஊருக்குச் சற்று மிகையாகவே தோன்றும்படி இங்கே மூன்று தடங்கள் கூடுகின்றன. ஒன்று ஹொகுரிக்கு ஷின்கான்சென் என்னும் அதிவேகத் தடம், இரண்டாவது கடலோர உள்ளூர்த் தடம், மூன்றாவது தெற்கே மலைக்குள் நுழையும் ஓயித்தோ தடம். நிலையத்தின் வடக்கு வாசலுக்கு ஜப்பான் கடல் வாசல் என்றும் தெற்கு வாசலுக்கு ஆல்ப்ஸ் வாசல் என்றும் பெயர். இந்த இரண்டு பெயர்களே ஊரின் நில அமைப்பைச் சொல்லிவிடுகின்றன. வடக்கே சிறிது தூரத்தில் கடல். தெற்கே ஜப்பானிய ஆல்ப்ஸ் மலைத்தொடர்.

ஷின்கான்சென் இந்த ஊருக்கு வந்தது 2015 மார்ச் 14 அன்று, நகானோவிலிருந்து கனாசாவா வரை தடம் நீண்டபோது. அதுவரை பழைய தடத்தில் ஓடிய விரைவு வண்டிகள் அத்துடன் நின்றுபோயின. டோக்கியோவிலிருந்து சுமார் 320 கி.மீ. தூரத்தை இப்போது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் கடந்துவிடலாம். மிக வேகமான ககாயாக்கி வண்டிகள் இங்கே நிற்பதில்லை. நிற்பவை ஹகுத்தாக்கா வண்டிகள். ஏறக்குறைய மணிக்கு ஒன்று.

ஜப்பானில் மின்சாரம் நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இல்லை. 1890-களில் டோக்கியோவின் மின் நிறுவனம் ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இயந்திரங்களை வாங்கியது. ஒசாகாவின் நிறுவனம் அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் இயந்திரங்களை வாங்கியது. அந்தக் கொள்முதல் வேற்றுமை இன்றுவரை சரிசெய்யப்படவில்லை. இரண்டையும் பிரிக்கும் கோடு இத்தோயிகாவா பக்கமாகத்தான் போகிறது. அதனால் டோக்கியோவிலிருந்து கனாசாவா போகும் ஷின்கான்சென் வழியில் மூன்று முறை அதிர்வெண் மாறுகிறது. அவற்றில் இரண்டு இந்த நிலையத்துக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் நிகழ்கின்றன. இரண்டு மின்சாரத்திலும் ஓடும்படி வண்டிகள் செய்யப்பட்டிருப்பதால் பயணிக்கு எதுவும் தெரிவதில்லை. விசித்திரம் என்னவென்றால், இதே நிலையத்தில் மேலே உயர்மட்டத்தில் ஷின்கான்சென் கம்பியில் 50 ஹெர்ட்ஸ், கீழே பழைய தடத்தின் கம்பியில் 60 ஹெர்ட்ஸ்.

அந்தப் பழைய தடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இத்தோயிகாவாவுக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் 20,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம் முடிந்து, 1,500 வோல்ட் நேர்திசை மின்சாரம் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே மின்சாரமே பாயாத ஒரு துண்டுக் கம்பி இருக்கிறது. ஷின்கான்சென் வந்ததும் இணையான பழைய தடங்களை உள்ளூர் நிறுவனங்களிடம் ஒப்படைப்பது ஜப்பானில் வழக்கம். அப்படி இந்தப் பகுதி எச்சிகோ தொக்கிமெக்கி ரயில்வே என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தது. இருவகை மின்சாரத்திலும் ஓடும் வண்டிகளுக்கு விலை அதிகம். எனவே நிறுவனம் ஒற்றைப் பெட்டி டீசல் வண்டிகளை வாங்கி, மின்கம்பிக்குக் கீழேயே ஓட்டுகிறது. கம்பியைக் கழற்றிவிட முடியாது, ஏனென்றால் நீண்ட தூரச் சரக்கு ரயில்கள் இன்னும் மின்சார எஞ்சினில்தான் இந்த வழியே போகின்றன. மேற்கே தொயாமா பக்கத்து உள்ளூர் நிறுவனத்தின் மின்சார வண்டிகளும் சில இத்தோயிகாவா வரை வருகின்றன. 2016 முதல் செத்சுகெக்கா என்ற இரண்டு பெட்டி உல்லாச வண்டியும் உண்டு. அகலமான சன்னல்கள், உள்ளேயே விருந்துச் சாப்பாடு. அதுவும் டீசல்தான்.

இதே தடத்தில் கிழக்கே போனால் சுத்சுயிஷி என்ற நிலையம் வரும். கடலோர மண்சரிவுகளுக்குத் தப்பிக்க 1969-இல் தடத்தை 11 கி.மீ.க்கு மேல் நீளமான சுரங்கத்துக்குள் மாற்றியபோது, நிலையமும் கூடவே உள்ளே போய்விட்டது. வெளியிலிருந்து நடைமேடைக்கு இறங்க 280-க்குக் குறையாத படிகள். மின்தூக்கி கிடையாது. பெட்டி படுக்கையோடு வருபவர்களுக்கு இந்த நிலையம் உகந்ததல்ல.

மண் இப்படிச் சரிவதற்கும் மலை கடல் வரை வந்து நிற்பதற்கும் அடியில் ஒரே காரணம் இருக்கிறது. இத்தோயிகாவாவிலிருந்து பசிபிக் கரையிலுள்ள ஷிசுவோகா வரை தீவை அறுத்துச் செல்லும் பெரும் நிலப்பிளவு இது. இதன் கிழக்கே உள்ள பள்ளப் பகுதிக்கு ஃபோஸா மாக்னா என்று பெயர் வைத்தவர் ஜெர்மானிய நிலவியலாளர் ஹைன்ரிஷ் எட்முண்ட் நௌமான். ஓயித்தோ தடத்திலுள்ள நெச்சி நிலையத்தில் இறங்கி நடந்தால், பிளவைத் திறந்து காட்டும் ஒரு பூங்கா இருக்கிறது. மேற்குப் பக்கப் பாறைகள் 20 கோடி ஆண்டுகளுக்கும் பழையவை. ஒட்டி நிற்கும் கிழக்குப் பக்கப் பாறைகளோ 2 கோடி ஆண்டுகளுக்கும் இளையவை. ஜேட் என்னும் பச்சைக்கல்லும் இந்த ஊரின் ஆற்றோரத்திலும் கடற்கரையிலும் கிடைக்கிறது. 2009-இல் யுனெஸ்கோ ஆதரவு பெற்ற உலக நிலவியல் பூங்காக்களின் வரிசையில் இத்தோயிகாவா சேர்ந்தது. ஜப்பானிலிருந்து முதன்முதலில் சேர்ந்த மூன்றில் இது ஒன்று.

1912-இல் கட்டிய செங்கல் எஞ்சின் கொட்டகையை ஷின்கான்சென் கட்டுமானத்துக்காக 2010-இல் இடித்தார்கள். ஊராருக்கு அதன்மேல் பற்று இருந்ததால், முகப்பின் ஒரு பகுதியை ஆல்ப்ஸ் வாசலில் மீண்டும் அமைத்தார்கள். அந்தப் பக்கத்துத் தரைத்தளத்தில் ஜியோபால் என்ற கூடம் இருக்கிறது. அங்கே, அதே 2010 வரை ஓயித்தோ தடத்தில் ஓடிய கிஹா 52 ரகப் பழைய டீசல் பெட்டி ஒன்று நிற்கிறது. வண்டிக்குக் காத்திருப்பவர்கள் அதன் இருக்கைகளில் உட்காரலாம். கடல் வாசல் பக்கத்துத் தெருக்கள் வேறு கதை. 2016 டிசம்பர் 22 அன்று அங்கே ஓர் உணவகத்தில் பிடித்த தீ, தெற்கிலிருந்து கடலை நோக்கி வீசிய பலத்த காற்றில் பரவி, 147 கட்டடங்களைப் பாதித்தது. உயிரிழப்பு இல்லை.

மூன்று தடங்களில் நலிந்தது ஓயித்தோ தடம். மத்சுமோத்தோ வரை மொத்தம் 105 கி.மீ. இதில் இத்தோயிகாவாவிலிருந்து மினாமி-ஓத்தாரி வரையுள்ள 35 கி.மீ. மின்மயமாகாதது. ஹிமே ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கில் நாளைக்கு ஏழெட்டு முறை மட்டும் ஒற்றைப் பெட்டி போய்வருகிறது. அப்பால் போக மினாமி-ஓத்தாரியில் வண்டி மாற வேண்டும். 1995 ஜூலை வெள்ளத்தில் சிதைந்த பாதை 1997 நவம்பரில்தான் முழுதாகத் திறந்தது. 2022-இல் ஜே.ஆர். மேற்கு என்ற ரயில் நிறுவனம் பயணிகள் குறைந்த தடங்களின் கணக்கை வெளியிட்டபோது இந்தப் பகுதியும் பட்டியலில் இருந்தது. 2024 ஜூன் முதல் 2025 மார்ச் வரை, ரயிலோடு சேர்த்து இத்தோயிகாவாவுக்கும் ஹகுபா பனிச்சறுக்கு ஊருக்கும் இடையே கூடுதல் பேருந்துகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஷின்கான்செனில் வந்திறங்குவோரை மலைக்கு இழுக்க முடியுமா என்று அளந்து பார்ப்பதே அதன் நோக்கம்.