வித்தின் முறுக்கும் பயிரின் வாட்டமும்

நல்ல வித்தே நல்ல விளைவு தரும் என்பது குடியானவர் யாவரும் அறிந்த விஷயம். ஆயினும், ஒரே குவியலிலிருந்து எடுத்த விதை ஒரு பட்டத்தில் செழித்து வளர்ந்தும், மற்றொரு பட்டத்தில் இலை கோணிக் குன்றியும் நிற்பதைப் பலரும் கண்டிருக்கலாம். அப்பொழுது மண்ணையோ, நீரையோ, எருவையோ, விதை கொடுத்தவரையோ குறை கூறுவது வழக்கம். பெரும்பாலும் காரணம் இவற்றுள் ஒன்றாகவே இருக்கும். ஆனால், சிற்சில சமயங்களில் குறையானது வித்தின் உள்ளே, கண்ணுக்குப் புலப்படாத ஓர் இழையின் அமைப்பிலேயே மறைந்திருத்தல் கூடும் என்று தாவர நூலார் கண்டறிந்துள்ளனர். அவ்விஷயத்தை இங்குச் சுருக்கமாக எடுத்துரைப்போம்.

இரு புரிக் கயிறு

ஒவ்வொரு செடியின் உயிரணுவிலும் அதன் பரம்பரைக் குணங்களைத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ. என்னும் நுண்ணிய இழை உண்டு. இது இரு புரிகளை வலப்புறமாக முறுக்கிய கயிறு போன்றது என வாட்சன், கிரிக் என்னும் இருவர் 1953-ம் ஆண்டில் வெளியிட்டனர். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு பொருள்களே எழுத்துக்களைப்போல் இப்புரிகளில் வரிசையாக அமைந்திருக்கின்றன.

எனினும், இவ்விழை எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. வைக்கோற்புரி திரிக்கையில் அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் அது தன்மேலேயே மடிந்து கண்ணி போடுவதை அறிவோம். அதுபோன்றே டி.என்.ஏ. இழையும் சிற்சில இடங்களில் வேறு உருவங் கொள்ளும். இடப்புறமாக முறுக்கிய உருவம் ஒன்றுண்டென்று 1979-ல் அலெக்சாண்டர் ரிச் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் தெளிவாக்கினர். ஒரு புரி தன்னுடனேயே மடிந்து கொண்டையூசி போலாவதுண்டு. மூன்று புரிகள் சேர்ந்து பின்னிக்கொள்வதுண்டு. குவானின் மிகுந்த பாகங்களில் நான்கு புரிகள் சதுரமாக அடுக்கி முடிச்சாவதும் உண்டு. பொட்டாஷ் உரத்தின் மூலம் நாம் பயிருக்கு அளிக்கும் அதே பொட்டாசியந்தான் இந்நாற்புரி முடிச்சின் நடுவில் ஆணிபோல் நின்று வலுவூட்டுகின்றது. இதைக்கொண்டு பொட்டாஷ் இடும் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுவதில்லை.

நன்மையும் தீமையும்

இவ்வுருவங்கள் யாவும் கேடு விளைப்பன என எண்ணலாகாது. இழையின் நுனி மடங்கித் தன்னுள்ளேயே செருகப்பெற்று வளையமாக நிற்பது பட்டாணிச் செடியில் 2003-ல் காணப்பட்டது. கயிற்றின் நுனி பிரியாதிருக்க நாம் முடிபோடுவதை இது ஒத்தது.

தீமை நேரும் வகை யாதெனில்: உயிரணு இரண்டாகப் பிரியுமுன் இழை முழுவதும் படியெடுக்கப்படல் வேண்டும். அவ்வேளையில் புரிகள் விலகி நிற்க, அவற்றுள் ஒன்று மடிந்துகொண்டால் வேலை தடைப்படும். சிற்சமயம் இழை அறுந்தும் போகும். ஒரே எழுத்துக்கூட்டம் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் இவ்வபாயம் அதிகம். கணக்கைப் பிரதி செய்வோர், ஒரே மாதிரியான வரிகள் பல தொடர்ந்து வருமிடத்துக் கண் வழுவி, ஒரு வரியை இருமுறை எழுதுவதும் ஒன்றை விட்டுவிடுவதும் உண்டல்லவா? அவ்விதமே இங்கும் எழுத்துக்கூட்டங்கள் பெருகவோ குறையவோ நேரிடும்.

ஒரு களைச்செடி கற்பித்த பாடம்

அயர்லாந்து தேசத்தில் பர்ரென் என்னும் பிரதேசத்திலிருந்து எடுத்த அரபிடாப்ஸிஸ் என்னும் கடுகினச் சிறு செடியில் இது நன்கு விளங்கிற்று. ஜெர்மனியில் டியூபிங்கன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிலையத்தில் ஸ்ரீதேவி சுரேஷ்குமார் முதலியோர் இதனை ஆராய்ந்து 2009-ல் முடிவை வெளியிட்டனர். மிதமான உஷ்ணத்தில் இச்செடி குறையின்றி வளர்ந்தது. பகற்பொழுது குறுகி, உஷ்ணம் 27 டிகிரி சென்டிகிரேடு ஆனதும், இலைகள் உருக்கோணி, வளர்ச்சி குன்றிற்று. லியூசின் என்னும் சத்தைச் செடி தயாரிப்பதற்கு உதவும் ஒரு ஜீனில், குவானின், அடினின், அடினின் என்னும் மூவெழுத்துக் கூட்டம் பிற வகைகளில் இருப்பதைவிடப் பன்மடங்கு பெருகி, நூற்றுக்கணக்கில் அடுக்கி நின்றதே காரணம். மூன்று புரிப் பின்னலாக மாறக்கூடியது இவ்வெழுத்துக் கூட்டம். அடுக்குக் குறைந்துபோன செடிகளில் குறையும் நீங்கிற்று என்பது கவனிக்கத்தக்கது. நீண்ட அடுக்கிலிருந்து சிறு ஆர்.என்.ஏ. துணுக்குகள் தோன்றி ஜீனின் வேலையை அடக்குகின்றன என்பது 2018-ல் வெளியாயிற்று. மனிதரின் நடையைத் தள்ளாடச் செய்யும் பிரீட்ரிக் அடாக்ஸியா என்னும் பரம்பரை நோய்க்கும் இதே மூவெழுத்துக் கூட்டத்தின் பெருக்கமே காரணமென்று 1996-ல் கண்டனர்.

நாம் கொள்ள வேண்டியது

மேற்கூறியது ஒரு களைச்செடியின் வரலாறு. நம் வயலில் தோன்றும் மாறுபாடு ஒவ்வொன்றுக்கும் இதுவே காரணமெனக் கொள்ளலாகாது. விதைக் கலப்பும், அயல் மகரந்தமும், பூச்சி நோய்களும், மண்ணின் குறையுமே அடிக்கடி காணப்படும் காரணங்கள். முதலில் அவற்றையே ஆராய்தல் வேண்டும். ஆயினும் இதனின்று மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன.

முதலாவது, குளிர்ந்த பட்டத்தில் நன்றாக விளைந்தது என்பதொன்றையே நம்பிப் புதிய இரகத்தை நிலம் முழுவதும் பயிரிடலாகாது. வெப்பம் மிக்க பட்டத்திலும் சிறு பாத்தியில் வைத்துச் சோதித்த பின்னரே விரிவாக்குதல் நலம்.

இரண்டாவது, விதைக்கென விட்ட வயலில் கலவன்களைப் பூக்குமுன் தவறாது களைதல் வேண்டும். குறையுள்ள செடி ஒரு பருவத்தில் நன்றாகத் தோன்றி மறு பருவத்தில் குறையைக் காட்டுமாதலால், விதைப்பயிரை ஒருமுறை பார்த்து விடுதல் போதாது.

மூன்றாவது, பயிர்ச் சேதத்தைக் குறிக்கும் கிராம அதிகாரிகள், சேதத்தின் அளவோடு இரகத்தின் பெயர், விதை வந்த வழி, விதைத்த நாள், அப்போதிருந்த உஷ்ணம் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். ஒரே இரகம் பல ஊர்களில் ஒரே வெப்பத்தில் ஒரே விதமாக வாடுமாயின், அக்குறிப்புக்களே உண்மையை வெளிப்படுத்தும். இல்லையேல், குறையற்ற குடியானவன்மீதோ, நேர்மையான விதை வியாபாரிமீதோ வீண் பழி சேரும்.

ஆதலின், வாடிய செடியைப் பிடுங்கி எறியுமுன், அது எங்கே, எப்பொழுது, எவ்விதம் வாடிற்று என்பதைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள விவசாய அதிகாரியிடம் தெரிவிப்பார்களாக.