மரத்தூள் சொல்லும் சேதி

நாமக்கல் என்றதும் மலைக்கோட்டை நினைவுக்கு வரும். முட்டையும் லாரியும் நினைவுக்கு வரும். நெடுந்தூரம் புறப்படுமுன் லாரி ஓட்டுநர் ஓர் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். காற்று நிறைந்த டயரில் கம்பி துள்ளும். ஒலி கணீரென்று இருக்கும். காற்று இறங்கிய டயரில் ஒலி மந்தமாக இருக்கும். கேட்கத் தெரிந்தவருக்கு அந்த ஒலியே போதும்.

மரம் அறுப்பவர்களுக்கும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. சாய்ந்துவிட்ட சாலையோரப் புளிய மரத்தை இயந்திர ரம்பத்தால் அறுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள தொழிலாளி ரம்பத்தை மட்டும் பார்க்கமாட்டார். காலடியில் விழுவதையும் பார்ப்பார். சிறுசிறு சீவல்களாக விழுந்தால் வேலையைத் தொடர்வார். மாவு போன்ற தூளாக விழுந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு அரத்தைக் கையில் எடுப்பார். ஏன் தெரியுமா?

புழு கற்றுத்தந்த பாடம்

'செயின் சா' எனப்படும் இந்த ரம்பத்தில், நீண்ட எஃகுத் தகட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு சங்கிலி ஓடுகிறது. சங்கிலியின் மேல் பற்கள் இருக்கின்றன. தொடக்க காலத்துச் சங்கிலிகளில் இருந்த பற்கள் கைரம்பத்தின் பற்களைப் போலவே மரத்தைக் கீறின. அவற்றை அடிக்கடி தீட்ட வேண்டியிருந்தது.

1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி ஓர் அடிமரத்தில் வண்டுப் புழு ஒன்றைக் கண்டார். அது மரத்தை நாரின் போக்கிலும், நாருக்குக் குறுக்கிலும் எளிதாகக் குடைந்து சென்றது. காக்ஸ் உற்றுநோக்கினார். புழுவின் வளைந்த தாடைகள் இடமும் வலமுமாக மரத்தைச் சீவி எடுத்தன. அந்தத் தாடைகளைப் போலவே எஃகில் பற்கள் செய்து, இடம், வலம் என மாறிமாறிச் சங்கிலியில் பொருத்தினார். இன்றைய சங்கிலிகளின் பற்களும் அந்த அமைப்பிலிருந்து வந்தவையே.

அந்தப் புழு நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. சேலத்து மாந்தோப்புகளில் மரத்தைத் துளைத்துப் பாழாக்கும் தண்டுத் துளைப்பானும் அதே குடும்பந்தான்!

சீவலும் தூளும்

ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கு முன்னாலும் ஒரு சிறு மேடு உண்டு. அது பல்லின் முனையைவிடச் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். பல் ஒரே முறையில் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை அந்த மேடே வரையறுக்கிறது. தச்சரின் இழைப்புளியில் உளி சிறிதளவே வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது என்று படித்திருக்கிறீர்கள். கூரிய பல்லின் விளிம்பில் பரப்பு மிகக் குறைவு. ஆகவே சிறு விசையே பேரழுத்தமாகி நார்களை வெட்டுகிறது, சீவல் விழுகிறது. விளிம்பு மழுங்கினால் பரப்பு கூடி அழுத்தம் குறைகிறது. பல் வெட்டாமல் தேய்க்கிறது, தூள் விழுகிறது.

மழுங்கிய பல் ஏன் ஆபத்து?

மழுங்கிய ரம்பம் ஆளை வெட்டாது என்று நினைத்துவிடாதீர்கள். சங்கிலி நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடுகிறது. அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் விரையும் லாரியின் வேகம்!

பல் வெட்டாதபோது தொழிலாளி ரம்பத்தை அழுத்துகிறார். உராய்வினால் வெப்பம் எழுகிறது. சூடான சங்கிலி நீண்டு தொய்கிறது; தகட்டிலிருந்து கழன்றும் விடலாம். அழுத்தி அழுத்திக் கை சோர்கிறது. தகட்டு நுனியின் மேற்பகுதி தற்செயலாக மரத்தில் பட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் எகிறி அவர் முகத்தை நோக்கித் திரும்பும். சோர்ந்த கையால் அதைத் தடுக்க முடியாது. அப்போது சங்கிலியை நொடியின் சிறு பகுதிக்குள் நிறுத்துவதற்கென்றே கைப்பிடியின் முன்னால் ஒரு தடை வைத்திருக்கிறார்கள். அதுவும் சுத்தமாக இருந்தால்தான் வேலை செய்யும்.

பராமரிப்பு

பல்லுக்கு முதல் எதிரி மண். மணலில் உள்ள குவார்ட்ஸ் பல்லின் எஃகையும் தேய்க்கவல்லது. ஓடும் சங்கிலி ஒருமுறை தரையில் உரசினாலே கூர் போய்விடும். சாலையோர மரங்களில் விளம்பரப் பலகைக்காக அடித்த ஆணிகள் இன்னொரு எதிரி. எனவே அறுக்குமுன் பட்டையில் மண்ணும் ஆணியும் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள்.

தீட்டுவதற்கு உருண்டை அரம் வேண்டும். எல்லாப் பற்களுக்கும் ஒரே கோணம்; ஒரே எண்ணிக்கையில் தேய்ப்பு. ஒரு பக்கப் பற்கள் குட்டையானால் அறுப்பு வளைந்து போகும். முன்மேட்டையும் அளவு பார்த்தே தேய்க்க வேண்டும். அளவுக்கு மிஞ்சித் தேய்த்தால் பல் ஆழமாகக் கடிக்கும். ரம்பம் எகிறுவதும் கூடும்.

சங்கிலிக்கு எண்ணெய் ஓயாமல் கசிய வேண்டும். காற்று வடிகட்டியில் புழுதி அடைத்தால் எஞ்சின் மூச்சுத் திணறிப் புகை கக்கும். ஆகவே அதையும் நாள்தோறும் துடைக்கிறார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

புதிய ஷார்ப்னர் ஒன்றும், மழுங்கிய பழைய ஷார்ப்னர் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பென்சிலை இரண்டிலும் சீவுங்கள். புதியதிலிருந்து வருவது என்ன, பழையதிலிருந்து வருவது என்ன? எதற்குக் கை அதிக விசை கொடுத்தது? குறித்துக்கொள்ளுங்கள்.

மரம் அறுக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்க நேர்ந்தால், மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தொலைவுக்கு அப்பால் நில்லுங்கள். வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு அங்கே கிடப்பதை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். அன்று அந்த ரம்பம் எப்படி இருந்தது என்பதை உங்களாலும் சொல்லிவிட முடியும்.