பெயர் ஒன்று, வகை பல

நுழையும்முன்

நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் உணர்த்தும் நெறி. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிரிகளின் உலகிலும் அந்நெறி பொருந்துவதை இப்பாடம் விளக்குகிறது.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ளது தீர்த்தமலை. அதனைச் சூழ்ந்த சிற்றூர்களில் புறக்கடையில் வளரும் நாட்டுக்கோழி, எளிய குடும்பங்களின் சேமிப்பாகும். எதிர்பாராத செலவு நேரும்போது கைகொடுப்பது அதுவே. சேலத்திற்கு அப்பால் உள்ள நாமக்கல்லிலோ முட்டைக்கோழி வளர்ப்பு பெருந்தொழிலாக நிகழ்கிறது. இவ்விருவகை வளர்ப்புக்கும் பொதுவான பகைகளுள் ஒன்று, கொரைசா எனப்படும் தொற்றுச் சளிநோய்.

நோயும் அதன் முதலும்

இந்நோயை உண்டாக்குவது ‘ஏவிபாக்டீரியம் பாராகேலினேரம்’ என்னும் பாக்டீரியா. இது கோழியின் மூச்சுப்பாதையில் தொற்றிய ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் மூக்கில் நீர் வடியும்; முகம் வீங்கும்; கோழி தீவனம் கொள்ளாது. முட்டையிடும் கோழிகளில் முட்டை உற்பத்தி 10 முதல் 40 விழுக்காடு வரை குறையக்கூடும். மருந்தால் அறிகுறிகள் தணிந்தாலும், பிழைத்த கோழி நோய்க்கிருமியைச் சுமந்து திரிந்து பிறவற்றுக்கும் பரப்பும்.

ஓரினத்தில் பல வகை

1962ஆம் ஆண்டு பேஜ் என்னும் ஆய்வாளர் இப்பாக்டீரியாவை ஏ, பி, சி என மூன்று வகைகளாகப் பகுத்தார். பின்வந்த கியூமே பகுப்புமுறை ஒன்பது உள்வகைகளைக் காட்டுகிறது. பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள புரதங்களைக் கொண்டே கோழியின் உடல் அதனை அடையாளம் காண்கிறது. அப்புரதங்களை உருவாக்கும் மரபணு மாறினால் புரதமும் மாறும். ஆதலால், ஏ வகைக்குரிய தடுப்பூசி சி வகையிடமிருந்து கோழியைக் காப்பதில்லை. தடுப்பூசி இட்ட பண்ணையிலும் நோய் பரவுவதற்கு இஃது ஒரு காரணமாகும்.

வேறுபாடு தோன்றும் வழிகள்

பாக்டீரியா பிளந்து பெருகும்போது டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அப்போது நேரும் சிறுபிழைகள் அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. ஒரு பாக்டீரியா மற்றொன்றிடமிருந்து மரபணுவைப் பெறுவதும் உண்டு. இப்பாக்டீரியா வளர என்.ஏ.டி. என்னும் பொருள் வேண்டும்; ஆய்வகத்தில் அதுவே இதனை அறியும் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ஆனால், அப்பொருளை வெளியிலிருந்து பெறாமலேயே வளரும் வகைகள் தென்னாப்பிரிக்காவில் 1990களில் கண்டறியப்பட்டன. பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையம் அவற்றுக்கு அத்திறனை அளித்திருந்தது. பழைய அடையாளத்தை மட்டும் நம்பினால் நோய்முதலைத் தவறவிட நேரும் என்பது இதனால் விளங்கியது.

காக்கும் வழி

நோயுற்ற கோழியின் மூக்குநீரை ஆய்வகத்தில் சோதித்து, வட்டாரத்தில் பரவும் வகையை அறிந்த பின்னரே தடுப்பூசியைத் தெரிவு செய்தல் வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்களின் பணி இங்கு இன்றியமையாதது. சந்தையில் வாங்கிய கோழியைச் சில வாரங்கள் தனியே வைத்துக் கண்காணிப்பதும், நோயுற்றதை உடனே பிரித்து வைப்பதும் வளர்ப்போர் கடமை. நோயின் பெயரை அறிவது தொடக்கமே; அதன் வகையை அறிவதே உழைப்பின் பயனைக் காக்கும்.

தெரிந்து தெளிவோம்

முன்னர் ஹீமோஃபிலஸ் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இப்பாக்டீரியா, மரபணு ஆய்வுகளின் துணையால் 2005ஆம் ஆண்டு ஏவிபாக்டீரியம் என்னும் புதிய பேரினத்தில் சேர்க்கப்பட்டது.